மெதுவாக வந்த எழுத்துகள்

"எழுத்து வந்து முடியிறதுக்குள்ள தேத்தண்ணி ஆறிரும் போல, ராத்தா," என்றாள் றுஷ்னா.

அவளுடைய அக்கா பஹ்மிதா ஒரு சொல்லைத் தட்டி முடித்து, மடிக்கணினியிலிருந்து கையையும் எடுத்துவிட்டாள். திரையில் அந்தச் சொல் இன்னும் வந்துகொண்டிருந்தது. தோணியிலிருந்து இறங்குகிறவர்கள் போல, ஓர் எழுத்து இறங்கி நின்ற பிறகே அடுத்தது காலை எடுத்து வைத்தது. யன்னலுக்கு வெளியே முந்தல் களப்பின் நீர் அசையாமல் கிடந்தது. தூரத்துக் காற்றாலைகள் நித்திரையில் கை வீசுவதுபோல் சுழன்றன.

சிங்களக் கடிதங்களை வீட்டிலிருந்தே தமிழாக்கிக் கொடுப்பது பஹ்மிதாவின் வேலை. மூன்று மாதமாக அவள் தாய்வீட்டில், உம்மாவோடு இருக்கிறாள். அவள் கணவன் ஸப்ராஸ் மதுரங்குளிச் சந்தியில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறான். நடந்த சண்டை சிறியது. அதன் பிறகு பேசாமல் இருந்ததுதான் பெரிதாகிவிட்டது. யார் முதலில் பேசுவது என்று இருவரும் காத்திருக்க, பெரியவர்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள். வருகிற சனிக்கிழமை, மண வழக்குகளைத் தீர்க்கும் காதியார் முன்னிலையில், பிரிவதா சேர்வதா என்று அவள் தன் வாயால் சொல்ல வேண்டும்.

இந்த மூன்று மாதத்தில் இரண்டு பேருக்கும் இடையில் போய்வந்தது இந்தக் கணினி மட்டும்தான். தம்பி ஃபஸ்லான் மூன்று தடவை மோட்டார் சைக்கிளில் கடைக்குக் கொண்டுபோனான். மூன்று தடவையும் அது பழுதோடுதான் திரும்பி வந்தது. 'பார்த்திருக்கிறேன், சரிவராவிட்டால் திரும்ப அனுப்பச் சொல்லு' என்பதே ஸப்ராஸ் ஒவ்வொரு முறையும் சொல்லியனுப்பியது. அவன் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்று பஹ்மிதா நினைத்துக்கொண்டாள். எழுத்துகள் முன்னைவிடப் பிந்துவதாகத் தோன்றியபோது, தன் மனம்தான் மெதுவாகிவிட்டது என்று எண்ணினாள்.

"சந்தியில உள்ள மிசினெல்லாம் மச்சான்ட கைபட்டு ஓடுது. பொண்டாட்டிட மிசின் மட்டும் நொண்டுது," என்றாள் றுஷ்னா. பல்கலைக்கழக விடுமுறைக்கு வந்திருந்தவள். "இங்க தாங்க, நான் பாக்கிறன்."

"விடு. எனக்குப் பழகிட்டு."

அது பொய்யில்லை. விசையைத் தட்டுவதற்கும் எழுத்து வருவதற்கும் இடையிலிருந்த அந்தச் சிறு வெளியில் பஹ்மிதா குடியேறியிருந்தாள். கலியாணமான புதிதில், இதே கணினியில் லினக்ஸைப் போட்டுக் கொடுத்து, அவள் கதிரைக்குப் பின்னால் நின்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுத்தவன் அந்த வெளியில் வந்து நின்றான். எழுத்து வந்ததும் மறைந்துபோனான்.

றுஷ்னா கணினியைத் தன் பக்கம் திருப்பிவிட்டாள். நினைவகம் தாராளமாக இருந்தது. வட்டிலும் இடம் இருந்தது. தமிழ் எழுத்துருவில் சந்தேகப்பட்டு மாற்றிப் பார்த்தாள், அதுவுமில்லை. பிறகு, எழுதும் செயலியை அதன் அமைப்புக் கோப்பு இல்லாமல் வெறுமையாகத் திறந்தாள். எழுத்துகள் மழை மாதிரிக் கொட்டின.

"பாத்தீங்களா? மிசின்ல குறையில்ல. திறக்கிற நேரமெல்லாம் இது ஒரு கோப்பை வாசிச்சு, அதில சொன்னபடி நடக்குது. அதுக்குள்ளதான் என்னமோ கிடக்கு."

கோப்பின் ஒரு பாதியை மறைத்துப் பார்த்தாள். பிறகு மற்றப் பாதியில் பாதியை. சலித்துச் சலித்துக் கடைசியில் ஒரே ஒரு வரி மிஞ்சியது.

"ராத்தா, இது பழுதில்ல. ஆரோ வேணுமெண்டு எழுதி வெச்சிருக்காங்க. ஒவ்வொரு எழுத்துக்கும் இவ்வளவு நேரம் சும்மா இருந்துட்டு வா எண்டு."

பஹ்மிதா தேத்தண்ணியை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"மச்சான்ட வேலதான். வேற ஆருக்கு இது தெரியும்? உங்கட தொழிலைக் கெடுக்கிறதுக்கு. சனிக்கிழம காதியாரிட்ட இதையும் சொல்லுங்க." றுஷ்னா அந்த வரியின் மேல் விரலை வைத்தாள். "வெட்டிர்றன்."

"பொறு. எத்தின எண்டு போட்டிருக்கு?"

"நானூறு. மில்லி செக்கன்."

"திரும்ப வாசி."

"நானூறுதான். நாலு, சைபர், சைபர்."

பஹ்மிதா குனிந்து அந்த வரியைத் தானும் ஒரு முறை வாசித்தாள். பிறகு எழுந்து, அலுமாரியிலிருந்து அபாயாவை எடுத்து உடுத்திக்கொண்டாள்.

"வெட்டாத. ஃபஸ்லானை மோட்டார் சைக்கிளை எடுக்கச் சொல்லு. இந்தத் தடவ நானே கொண்டுபோறன்."

"சண்ட பிடிக்கவா?"

பஹ்மிதா கணினியை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

கடைக்கு அனுப்ப ஒரு சாட்டு வேண்டுமென்று, மூன்று மாதத்துக்கு முன் அந்த வரியை எழுதி வைத்தவளே அவள்தான். அவள் போட்டது ஐம்பது. மூன்று தடவையும் அதைக் கண்டவன், அழிக்காமல், ஒவ்வொரு தடவையும் இரட்டிப்பாக்கித் திருப்பி அனுப்பியிருந்தான்.