மேலே ஒன்று, கீழே ஒன்று

அவள் இடது கைச் சட்டையை மடித்துவிட்டதும் மாஸ்டருக்கு விஷயம் விளங்கிவிட்டது. மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவே, வெளிப்பக்க எலும்பையொட்டி, நான்கு இடங்களில் கன்றிப்போயிருந்தது. பழையது மஞ்சள், புதியது கருநீலம்.

பெண்கள் வகுப்பில் பஞ்சு சுற்றிய குச்சியால்தான் அடித்துப் பழகுவார்கள். அந்த அடியில் ஈ கூடச் சாகாது. இது யாரோ நிஜமாகவே ஓங்கி விட்டதைக் கையால் வாங்கிய தடம். இருபது வருஷமாகக் கராத்தே சொல்லிக்கொடுக்கிறவருக்கு இதுகூடத் தெரியாதா?

"என்னம்மா இது?"

"கதவுல இடிச்சுக்கிட்டேன், மாஸ்டர்."

நாலு தடவையும் அதே கதவா என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவாள் போலிருந்தது.

அவள் வகுப்பில் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. ஆனால் அவள் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். மாஸ்டரின் செல்லச் சீடன் 'மின்னல்' இருக்கிறானே, அவனைப் பெற்றவள். பதினேழு வயதுக்குள் ஏழு கோப்பை வாங்கியவன். ஞாயிற்றுக்கிழமை அவனுக்குக் கறுப்பு பெல்ட். மாஸ்டர் தன் கையாலேயே கட்டிவிடப் போகிறார்.

கூடத்துச் சுவரில் பெரிதாக அவன் படம்தான் மாட்டியிருக்கிறது. வலது கை எதிராளியின் முகத்துக்கு நேரே ஓங்கியிருக்க, இடது கை அவன் விலாவில் இறங்கியிருக்கும். மேலே ஒன்று காட்டிக் கீழே ஒன்று. மாஸ்டர் தானே யோசித்துக் கண்டுபிடித்த அடி அது. அவனைத் தவிர வேறு யாருக்கும் அவர் அதைச் சொல்லிக்கொடுத்ததில்லை.

மற்ற பெண்களெல்லாம் குத்து, உதை என்று ஆசையாகப் பழக, இவள் மட்டும் முதல் நாளே தனியாக வந்து நின்றாள். "அடிக்க வேண்டாம் மாஸ்டர். தடுக்க மட்டும் சொல்லிக் குடுங்க, போதும்."

மேல் தடுப்பைச் சொல்லிக்கொடுத்தார். கையை நேராக நீட்டாமல், கொஞ்சம் சாய்த்து, வருகிற அடியை வழுக்கி விடுகிற தடுப்பு. மூன்றே நாளில் பிடித்துக்கொண்டாள். நான்காம் நாள் கேட்டாள்: "மேல வர்றதைத் தடுத்துடறேன். உடனே விலாவுக்கு ஒண்ணு வருதே, அதுக்கு என்ன பண்றது?"

மாஸ்டர் உருகிப்போனார். பையன் வீட்டில் பழகுவதைக்கூட எவ்வளவு கவனித்துப் பார்த்திருக்கிறாள்! முழங்கையை விலாவோடு ஒட்டி, இடுப்பைத் திருப்பச் சொன்னார். விடிந்தால் பரீட்சை என்கிற மாதிரி, தண்ணீர்கூடக் குடிக்காமல் நாற்பது தடவை செய்து பார்த்தாள்.

இன்று இந்தக் கையைப் பார்த்த பிறகு எல்லாம் புரிந்தது. புருஷன்தான். வேறு யாராக இருக்க முடியும்?

அந்த ஆளை அவருக்கு முன்னாலேயே பிடிக்காது. தையல்காரர். கொதிக்கிற வெயிலிலும் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருப்பார். முகம் பார்த்துப் பேசமாட்டார். போன மாதம் வந்து, பையனின் கராத்தேயை நிறுத்திவிடலாமா என்று முணுமுணுத்தார். பிள்ளை முன்னுக்கு வருவது பொறுக்காத அப்பனை இப்போதுதான் பார்க்கிறேன் என்று மாஸ்டர் முகத்திலடித்த மாதிரி சொல்லி அனுப்பிவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் அவரைக் கூடத்துக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். அப்பா அவமானப்படுவதைப் பிள்ளை பார்க்கக் கூடாது என்று, மின்னலை மைதானத்தைப் பத்து சுற்று ஓடிவரச் சொன்னார். போகுமுன் அவன் தோளைத் தட்டி, "அம்மாவைப் பத்திரமா பார்த்துக்கோடா. உன்னை நம்பித்தான் அவங்க இருக்காங்க" என்றார். பையன் குனிந்து வணங்கிவிட்டு ஓடினான். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று மாஸ்டருக்கு நெஞ்சு நிறைந்தது.

தையல்காரர் கழுத்தில் அளவு டேப்போடு அப்படியே வந்து நின்றார். அவள் சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.

"வீட்டுக்குள்ள கை நீட்டுறவனை நான் மனுஷனா மதிக்கிறதில்ல, சார்" என்று மாஸ்டர் எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்தார். அவள் இரண்டு வாரமாக அடக்கிவைத்த வலிக்கும் சேர்த்து அவரே பேசினார். இன்னொரு தடம் அவள் கையில் விழுந்தால் நேராகக் கடைக்கே வந்துவிடுவதாகவும், போலீஸுக்கும் போவதாகவும் சொன்னார்.

தையல்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

அவர் இடது கைப் பொத்தானைக் கழற்றிச் சட்டையை மெல்லச் சுருட்டினார். அதே எலும்பு, அதே இடம். மஞ்சளும் கருநீலமும் அவளுக்கு இருந்ததைவிட அதிகம். பிறகு சட்டையின் வலது பக்கத்தைத் தூக்கினார். விலாவில் ஒரு முஷ்டி அளவுக்கு ரத்தம் கட்டியிருந்தது.

"உங்களை யாரு, சார்..." என்று மாஸ்டர் இழுத்தார்.

தையல்காரர் ஜன்னல் வழியே மைதானத்தைப் பார்த்தார். எத்தனையாவது சுற்று என்று எண்ணியவர் போல அவசரமாகத் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அவளுக்குச் சொல்லிக் குடுத்த தடுப்பை எனக்கும் சொல்லிக் குடுங்க, மாஸ்டர். பையன் ஓடி முடிச்சுட்டு வர்றதுக்குள்ள."