டோனர் டேபிள்

“ஒரு அப்பனுக்கு எத்தனை பிள்ளைக வரைக்கும் விடலாமுங்க டாக்டர்?”

பொற்கொடி கேட்டது கம்ப்யூட்டருக்குள் இருக்கப்போகும் அப்பன்களைப் பற்றி. மேட்டுப்பாளையம் சாலையில் இருந்த அந்தக் கருத்தரிப்பு மையத்தின் பழைய பதிவுகளையெல்லாம் புது சாஃப்ட்வேருக்கு மாற்றித் தரும் வேலை அவளுடையது.

டாக்டர் தம்பிதுரை வாய்விட்டுச் சிரித்தார். “இங்க பொறந்ததெல்லாம் என்ற பிள்ளைகதானுங்க அம்மணி. கணக்கு எதுக்கு?”

சுவர் முழுக்கக் குழந்தைகளின் படங்கள். கோபிசெட்டிபாளையத்தில் அவள் அக்கா நித்யஸ்ரீயின் பூஜையறையில் இந்த டாக்டரின் படம். அக்கா மகனும் இங்கே பிறந்தவன்தான். மாமாவால் ஆகாது என்று தெரிந்தபின், யாரோ ஒரு காலேஜ் பையனின் விந்தணுவைச் சேர்த்தார்கள் என்று அக்கா இவளிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

பொற்கொடி லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். “பிள்ளைக பட்டியலுக்கு ஒரு டேபிள், விந்தணு குடுத்த டோனருக்கு ஒரு டேபிளுங்க. ரெண்டுக்கும் ஆளுக்கொரு கிளாஸ்னு புரோகிராம் எழுதி, ஒண்ணோடொண்ணு இணைச்சு மேப் பண்ணிப்போட்டா, பிள்ளையைத் தொட்டா டோனர் வந்துருவாரு. டோனரைத் தொட்டா அவரு பிள்ளைக அத்தனையும் வந்துரும்.”

“டோனர் டேபிள் வேண்டாமுங்க.”

“பேரு வெளிய தெரிஞ்சிரும்னு பாக்கறீங்களா? வெறும் நம்பர் போதுமுங்க.”

“நம்பரும் வேண்டாம். அந்தக் கிளாஸையே எடுத்துப்போடுங்க.”

பழைய ஃபைலிலும் டோனர் என்ற இடம் வரிக்கு வரி காலியாகவே கிடந்தது. யார் எவர் என்று குறித்து வைக்கக்கூடச் சோம்பல் என்று நினைத்தபோது அவளுக்கு அருவருப்பாக இருந்தது. காங்கேயத்தில் கன்றுக்குட்டியைக்கூட எந்தக் காளைக்குப் பிறந்தது என்று சொல்லித்தான் விற்கிறார்கள்.

“ஏனுங்க டாக்டர், எல்லாம் இந்தச் சுத்துவட்டாரத்துப் பிள்ளைக. நாளைக்கு அண்ணன் தங்கச்சின்னு தெரியாம ஒண்ணையொண்ணு கட்டிக்கிட்டா என்ன பண்றது? இந்த மேப் இருந்தாத்தான் தடுக்க முடியுமுங்க.”

“ரொம்ப யோசிக்கறீங்க அம்மணி. டீ ஆறுது பாருங்க.” தன் டீயை அவர் சர்ரென்று உறிஞ்சினார்.

பொற்கொடி தன் டம்ளரைத் தள்ளி வைத்தாள். “எங்கக்கா பையனும் இதுல ஒருத்தனுங்க. டோனர் யாருன்னு இல்லாம இந்த வேலையை நான் செய்யமாட்டேன். நீங்க வேற ஆளைப் பாத்துக்குங்க.”

லேப்டாப்பை மூடிக்கொண்டு எழுந்தாள். டாக்டர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. ஆனால் பதற்றமும் இல்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“எந்த அக்கா?”

சொன்னாள். அவர் தலையை ஆட்டினார்.

“அப்படீன்னா நீங்க வெளிய சொல்லமாட்டீங்க. அந்தக் குடும்பம் சந்தி சிரிச்சுப்போயிரும்.” உதட்டைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு சொன்னார்.

“டோனர்னு இருக்கறது நான் ஒருத்தன். ஒருத்தனுக்கு எதுக்குங்க அம்மணி தனியா ஒரு டேபிள்?”