மெதுவாப் பாடுய்யா

“இன்னிக்கு ஒரேயொரு வாட்டி, யாரும் கத்தாம இருக்கீங்களாப்பா?” என்று அமிர்தவல்லி அம்மா கேட்டார்.

நெல்லித்தோப்பில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடியில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தோம். மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் கூடி, தமிழ்மாறனின் பழைய மேடைப் பதிவுகளைக் கேட்பது எங்கள் வழக்கம்.

இன்று அவர் வெளிநாடெல்லாம் போய்ப் பாடுகிறார். எங்களுக்கு அது ஆகாது. பேர் வாங்காத காலத்தில், மைக் கரகரக்க, தானே எழுதித் தானே பாடியதுதான் வேண்டும். கொஞ்சம் கிறுக்குப் பிடித்தவர்கள் என்று வீட்டில் சொல்கிறார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள்.

எல்லாவற்றிலும் உசத்தி, தொண்ணூற்று மூன்றில் மில் ஸ்டிரைக் பந்தலில் யாரோ டேப்பில் பிடித்த பாட்டு.

தமிழ்மாறனுக்கு அது முதல் மேடை. பயத்தில் விழுந்தடித்துக்கொண்டு பாடுகிறார். இரண்டு நிமிடம் போனதும் கூட்டத்திலிருந்து ஓர் ஆள் குரல் கொடுக்கிறார்: “மெதுவாப் பாடுய்யா, பஸ்ஸு ஒண்ணும் பூடாது.”

பந்தலே சிரிக்கிறது. அதற்குப் பிறகு பாட்டு நிதானத்துக்கு வருகிறது. இன்றைக்கு ஊர் உலகம் கேட்கிற அந்தப் பாட்டின் நடை அங்கே பிறந்ததுதான்.

அந்த இடம் வந்தால் நாங்களும் சேர்ந்து கத்துவோம். கச்சேரிகளில் இப்போது எங்களைப் பார்த்து ஐயாயிரம் பேர் கத்துகிறார்கள். தமிழ்மாறனே பாட்டை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறார். டி-ஷர்ட்டில்கூட அச்சடித்துவிட்டோம்.

அந்த டி-ஷர்ட்டைத்தான் எங்கள் குழுவின் மேனகா முத்தியால்பேட்டையில் தன் வீட்டுக் கொடியில் காயப்போட்டிருந்தாள். பக்கத்து வீட்டு அமிர்தவல்லி அம்மா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, இது எங்க வூட்டுக்காரர் பேச்சாச்சே என்றாராம்.

ராமலிங்கம். அதே மில்லில் ஸ்பின்னிங் பிரிவில் வேலை பார்த்தவர். ஸ்டிரைக் முடிவதற்குள் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். போட்டோ இரண்டு இருக்கிறது. குரல் இருந்தது அந்த ஒரு கேசட்டில் மட்டும்தான்.

முப்பது வருடமாகப் பேர் தெரியாமல் நாங்கள் கொண்டாடிய மனிதரின் மனைவி. சும்மா விடுவோமா? முதல் வரிசையில் உட்கார வைத்து, சால்வை போர்த்தி, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கத்தினோம். அடுத்த மாதமும் அப்படியே. எங்களுக்குத் தெரிந்த மரியாதை அதுதான்.

இது மூன்றாவது மாதம்.

“மூஞ்சி போட்டோல இருக்குப்பா. கொரலுதான் மறந்துபோச்சு. நீங்க கத்துறதுல அவரு பேசறது என் காதுல வுழவே மாட்டேங்குது.”

மேனகா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எங்கள் தலைவர் கமலக்கண்ணன் எழுந்து, யார் வாயைத் திறந்தாலும் குழுவை விட்டே எடுத்துவிடுவேன் என்றார்.

நான் மட்டும் லேப்டாப்பை மூடப் போனேன்.

லேப்டாப் மக்கர் பண்ணுகிறது, அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தேன். கமலக்கண்ணன் என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, தானே வந்து பட்டனைத் தட்டினார்.

பாட்டு ஓடியது. ஃபேனைக்கூட நிறுத்திவிட்டார்கள். அமிர்தவல்லி அம்மா ஸ்பீக்கர் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இரண்டாவது நிமிடம் முடிந்தது. அந்த இடம் வந்தது.

ஒன்றுமில்லை.

நான்கு விநாடி வெறுமையாகப் போனது. பிறகு பந்தல் சிரித்தது. பாட்டு நிதானமானது.

பழைய பதிவுகளைச் சுத்தம் செய்வது என் வேலை. ரெட்டியார்பாளையத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறேன், மற்ற நேரமெல்லாம் இதுதான். போன வருடம் அந்தப் பாட்டிலிருந்து இரைச்சலை எடுத்தேன், இருமலை எடுத்தேன். நாங்கள் கத்துவதும் ராமலிங்கத்தின் குரலும் அரை விநாடி முன்னே பின்னே விழுந்து, கேட்கக் கச்சாமுச்சாவென்று இருந்தது. அதனால் அவர் குரலையும் எடுத்து, எங்களுக்கு இடம் விட்டு வைத்தேன். ரொம்ப அழகாக வந்துவிட்டது என்று பழையதை அழித்தும்விட்டேன். கேசட் அதற்கு முன்பே அறுந்துபோயிருந்தது. பதிவை வெளியே யாருக்கும் கொடுப்பதில்லை என்பது நாங்களே போட்டுக்கொண்ட சட்டம். எங்கும் வேறு பிரதி கிடையாது.

இத்தனை மாதமும் யாரும் கவனிக்கவில்லை. அந்த நேரத்தில் எல்லோரும் கத்திக்கொண்டிருந்தோம்.

குழுவே என்னைத் திரும்பிப் பார்த்தது. ஆடியோ யாருடைய கைவேலை என்று அவர்களுக்குத் தெரியும்.

அமிர்தவல்லி அம்மா காதை விரலால் தேய்த்துக்கொண்டார்.

“சிரிக்கிறது கேட்டுது. அவரு பேசறது வுழலையே. இந்தக் காது ஒண்ணு, நேரம் பார்த்து அடைச்சிக்குது.” என் பக்கம் திரும்பினார். “உனக்குக் கேட்டுச்சா தம்பி?”

கேட்டது அம்மா என்றேன். கமலக்கண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். பின்னாலிருந்து இரண்டு மூன்று பேர், ஆமாம் அம்மா, நல்லாக் கேட்டது என்றார்கள்.

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலியை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

“எப்படி இருந்துச்சு? நீ அதே மாதிரி சொல்லிக் காட்டேன்.”

ஆயிரம் முறையாவது கேட்ட குரல் அது. ஹெட்ஃபோன் போட்டு, அலை அலையாகப் பிரித்து, அழிப்பதற்காகவே உன்னிப்பாகக் கேட்ட குரல். கண்ணை மூடி நினைவுபடுத்திப் பார்த்தேன்.

நாற்பது பேர் கத்துவதுதான் கேட்டது.