மலைத்தண்ணி

"எம் புள்ளையத் தூக்கிக் கொஞ்சின கைய அந்தம்மா வாளி வாளியா ஊத்திக் கழுவுது. இந்த ரெண்டு கண்ணால பாத்தேன். ஏன், எம் புள்ள மேல சாணியா அப்பியிருந்துச்சு?"

காளியாயியின் குரல் குழாயடியைத் தாண்டி, கீழே வட்டவளைச் சந்தி வரைக்கும் கேட்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் கொழுந்து பறிக்கப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஓட வேண்டியதில்லை. மேல் லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் எல்லாரும் தங்களுக்கென்று இருந்த ஒற்றைக் குழாயடியில் குடத்தோடு கூடியிருந்தார்கள். அடுத்த வீட்டுக் கதை யாருக்குக் கசக்கும்?

அந்தம்மா என்றது புனிதவதியை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த மகாலிங்கம் வாத்தியாரின் மனைவி. யாழ்ப்பாணத்துக்காரி. வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

வந்த அன்றைக்கே ரொட்டியும் சம்பலும் கொண்டுபோய்க் கொடுத்தவள் காளியாயிதான். நேற்றுக் கைக்குழந்தையோடு போனாள். புனிதவதி பிள்ளையை வாங்கிக் கொஞ்சோ கொஞ்சென்று கொஞ்சினாள். காளியாயிக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. கொஞ்ச தூரம் வந்து திரும்பிப் பார்த்தால், அந்தம்மா வீட்டுக்குப் பின்னால் குந்திக்கொண்டு கையைக் கழுவுகிறாள், கழுவுகிறாள், ஒரு வாளி தீர்ந்து அடுத்ததையும் இழுக்கிறாள். குளிர்ந்த வயிறு பற்றி எரிந்தது.

"வெள்ளக்காரனே நாட்டக் குடுத்துட்டுப் போயிட்டான், இவங்க தீட்டு மட்டும் போகலையே! மனுசன மனுசன் தொட்டா என்ன ஒட்டிக்கும்?"

"நல்லாக் கேளு, காளியாயி!" என்று பெண்கள் ஒத்து ஊதினார்கள்.

கொஞ்சம் தள்ளி, கீழ் லயத்து நாகலெட்சுமி குடத்தோடு நின்றாள். மழை தொடங்கியதிலிருந்து அவர்கள் குழாயில் சேறுதான் வருகிறது. ஆனால் கீழ் லயத்துச் சாதிக்காரர்கள் மேல் லயத்துக் குழாயைத் தொடக்கூடாது. எல்லாரும் பிடித்து முடிந்த பிறகு, யாராவது மனசு வைத்துத் திருகிவிட்டால் பிடித்துக்கொள்ளலாம்.

"இனிமே அந்தம்மாவுக்கு இந்தக் குழாயில ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது. வாத்தியாரே வந்து கேட்டாலும் சரி!"

சொல்லி வாய் மூடவில்லை, புனிதவதி வாளியோடு வந்து நின்றாள். கை இரண்டும் சிவந்து கன்றிப்போயிருந்தன.

"அக்கா, உங்களைத்தான் தேடி வந்தனான். உங்கட தண்ணியிலை என்ன கலந்து கிடக்கு?"

"எங்க அழுக்குத்தான் கலந்து கெடக்கு!"

புனிதவதிக்கு அந்தக் குத்தல் விளங்கவில்லை. "எண்ணெய் ஏதும் வருகுதோ? நேற்று நீங்கள் வரேக்க நான் உடுப்புத் தோய்ச்சுக்கொண்டெல்லோ இருந்தனான். பிள்ளையைத் தூக்கவெண்டு கையைத் துடைச்சுப்போட்டு ஓடி வந்தனான். நீங்கள் போனாப்பிறகு கழுவுறன், கழுவுறன், சவுக்காரம் போகுதேயில்லை. கை வழுவழுவெண்டே கிடக்கு. தேய்ச்சுத் தேய்ச்சுத் தோலும் போயிட்டுது, பாருங்கோ."

காளியாயி அந்தக் கையைப் பார்த்தாள். குரல் இறங்கியது. "எம்புட்டுச் சவுக்காரம் போட்டீங்க?"

"வழமை போலை அரைக்கட்டி."

"அரைக்கட்டியா!" குழாயடியே வாயைப் பிளந்தது.

"எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி அக்கா. அரைக்கட்டி கரைஞ்சாத்தான் கொஞ்சமெண்டாலும் நுரைக்கும். பருப்பும் லேசிலை அவியாது. இஞ்சை ஒரு கொதியிலை குழைஞ்சு போகுது!"

"அடி ஆத்தே!" காளியாயி விழுந்து விழுந்து சிரித்தாள். "இது மலைத்தண்ணிம்மா. சவுக்காரத்தக் காட்டினாலே நுரைக்கும். அந்த வழுவழுப்பு இந்தத் தண்ணியோட கொணம். அதப் போயி அழுக்குன்னு நெனச்சு, சும்மா கெடந்த கையப் புண்ணாக்கிட்டீங்களே!"

தன் பிள்ளையைத் தொட்டது தீட்டில்லை. அந்த நிம்மதியில் காளியாயிக்குத் தலைகால் புரியவில்லை. வாளியைப் பிடுங்கி, வரிசையைக்கூடப் பார்க்காமல் தானே நிரப்பிக் கொடுத்தாள்.

"நான்தான் தப்பா நெனச்சுப்புட்டேன்மா. தண்ணிக்கு ஏது சாதி? நாம எல்லாரும் ஒண்ணுதான்!"

பேச்சும் சிரிப்புமாக ஒவ்வொருத்தியும் குடத்தை நிரப்பிக்கொண்டாள். புனிதவதி வாளியைத் தூக்கியபோதுதான் தள்ளி நின்ற நாகலெட்சுமியைக் கண்டாள்.

"ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறியள்? வந்து திறந்து பிடியுங்கோவன்."

நாகலெட்சுமி காளியாயியின் முகத்தைப் பார்த்தாள். சற்றுமுன் காதில் விழுந்ததை நம்பிவிட்டாள் போலிருக்கிறது, பாவம். முன்னால் வந்து, தன் கையாலேயே குழாயைத் திருகினாள். குடம் நிறைந்ததும் தலையைக் குனிந்தபடி விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டாள்.

பெண்கள் தங்கள் குடங்களைக் குழாயிலிருந்து தள்ளி இழுத்து வைத்தார்கள்.

புனிதவதி அடுத்த வாளிக்காகத் திரும்பி வந்தபோது, காளியாயி குழாய்க்கு முன்னால் குந்தியிருந்தாள். பக்கத்தில் புளி, சாம்பல், தேங்காய்நார். குழாயைத் தேய்த்தாள். தண்ணீர் ஊற்றினாள். மறுபடியும் தேய்த்தாள். மறுபடியும் ஊற்றினாள்.

புனிதவதிக்கு மனசு தாங்கவில்லை. கன்றிப்போன தன் கையால் அவள் தோளைத் தொட்டாள்.

"ஐயோ அக்கா, உங்களுக்கும் வழுவழுப்புப் போகேல்லையோ?"