அட்டை விமானம்

"நீயே சொல்லும்மா, இது நிஜ விமானமா, அட்டை விமானமா?"

மாப்பிள்ளை அந்தப் பழைய போட்டோவை கவுண்ட்டர் மேல டப்புன்னு வச்சாரு. பக்கத்துல மாமனார் நின்னாரு. மாமியார் மட்டும் எதையும் கண்டுக்காம, முகம் பாக்கற கண்ணாடி முன்னால உக்காந்து ஒவ்வொரு ஃபிரேமா மாட்டிப் பாத்துக்கிட்டிருந்தாங்க.

மூக்குக் கண்ணாடிக் கடையில வந்து கேக்கற கேள்வியா இதுன்னு தோணும். ஆனா கடைப் பொண்ணுக்கு அப்படி ஒரு கிறுக்கு. யாருக்கும் பேர்கூடத் தெரியாத பழைய விமானத்தை எல்லாம், போட்டோவுல வாலையும் மூக்கையும் பாத்தே இன்னதுன்னு சொல்லிடுவா. இதுவரைக்கும் ஒண்ணுகூடத் தப்பினதில்ல. அந்தத் தெருவுல அவளுக்குப் பேரே 'றெக்கை'தான்.

போட்டோவுல, கல்யாணமான புதுசுல மாமனாரும் மாமியாரும் சிரிச்சுக்கிட்டு நின்னாங்க. பின்னால தண்ணியில மிதக்கற, வயிறு பெருத்த ஒரு விமானம். முதுகு மேல ரெண்டு இன்ஜின்.

"இவரு இதுல மெக்கானிக்கா இருந்தாராம். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு"ன்னாரு மாப்பிள்ளை. "நானும் நெட்ல தேடிப் பாத்துட்டேன். இந்த ரகத்துல செஞ்சதே நாலஞ்சுதான். எல்லாத்துக்கும் கதவு இடது பக்கம். இதுல பாரு, வலது பக்கம்! ஸ்டூடியோக்காரன் வரைஞ்சு வச்ச அட்டை முன்னால போஸ் குடுத்துட்டு, மெக்கானிக்காம்!"

"விடுங்க மாப்பிள்ளை."

"எங்க மாமா விடறது? பேத்தியே 'அட்டை தாத்தா'ன்னு கூப்பிடறா. நீங்க கதை சொல்ல உக்காந்தாலே எந்திரிச்சு ஓடறா."

பெரியவர் தரையைப் பாத்தாரு.

றெக்கைக்குக் கோவம் வந்துச்சு. மாப்பிள்ளை மேல இல்ல, பெரியவர் மேல! போயும் போயும் ஒரு சின்னக் குழந்தைகிட்டயா இப்படிப் புளுகறது?

அதுக்குள்ள மாமியார் திரும்பினாங்க. "இது எப்படிம்மா இருக்கு?"

"சூப்பர்மா! இருங்க, போன்ல ஒண்ணு எடுத்துக் காட்டறேன்."

"ஐயோ, வேணாம்! போட்டோன்னாலே என் மூஞ்சி கோணிக்கிட்டு, யாரோ மாதிரி இருக்கும். எனக்குக் கண்ணாடி போதும். நான் நானா இருக்கற ஒரே போட்டோ, தோ அங்க இருக்கே, அதுதான்."

றெக்கை லென்ஸை எடுத்துக்கிட்டு போட்டோ மேல குனிஞ்சா.

அட! தண்ணியில விமானத்தோட நிழல் நெளியுது. வயித்துல வரிசையா ஆணி. இன்ஜின்லருந்து வழிஞ்ச எண்ணெய்க் கறை வேற. எந்த ஸ்டூடியோக்காரன் மெனக்கெட்டு எண்ணெய்க் கறை வரைவான்? விமானம் நிஜம்! அப்ப கதவு மட்டும் எப்படி?

லென்ஸ் அப்படியே நகந்து போட்டோவுல இருந்த பெரியவர் சட்டைக்கு வந்துச்சு. எல்லா ஆம்பளைச் சட்டையிலயும் இடது பக்கம் இருக்கற பை, இதுல வலது பக்க நெஞ்சுல இருந்துச்சு.

"ஆ!"ன்னா.

பெரியவர் சட்டுனு தன்னோட மூக்குக் கண்ணாடியைக் கழட்டி நீட்டினாரு. "இதுல ஸ்குரூ லூசா இருக்கும்மா. உள்ள வா, காட்டறேன்."

திரைக்குப் பின்னால போனதும் றெக்கைக்குத் தாங்கல. "ஐயா, நெகட்டிவைத் திருப்பி வச்சு பிரிண்ட் போட்டிருக்காங்க! அதான் கதவு பக்கம் மாறிப்போச்சு. இப்பவே போய் உங்க மாப்பிள்ளைகிட்ட..."

"மெதுவா பேசு. திருப்பிப் போடச் சொன்னதே நான்தான்."

"என்னது?"

"முதல்ல வந்த பிரிண்ட்டைப் பாத்துட்டு, என் வீட்டுக்காரி 'இது நான் இல்லவே இல்ல'ன்னு அழுதுட்டா. கிழிச்சே போட்டா. அவ மூஞ்சியை அவ பாத்ததெல்லாம் கண்ணாடியிலதானே? அதுல இடம் வலமால்ல தெரியும்? அதே மாதிரி திருப்பி ஒண்ணு போட்டுக் குடுத்தேன். 'இதுதாங்க நான்'னு சிரிச்சா பாரு ஒரு சிரிப்பு! அதைப் போயி நான் கெடுப்பேனா?"

"அதுக்காக அட்டை தாத்தான்னு பேரு வாங்கிட்டு இருக்கீங்களே?"

"இருந்துட்டுப் போறேன். நீ வாயைத் திறக்காத."

றெக்கை வெளிய வந்தா. வாழ்க்கையிலயே முதல் தடவையா ஒரு விமானத்தைத் தப்பாச் சொன்னா.

"நிஜ விமானம்தான் சார். இது ஒண்ணுக்கு மட்டும் கதவை வலது பக்கம் வச்சிருக்காங்க. ரொம்ப அபூர்வம்."

"கதை விடாதம்மா! உள்ள கூட்டிட்டுப் போய் உனக்கும் ஐஸ் வச்சுட்டாரா?"

"அவளை எதுக்கு மிரட்டறீங்க மாப்பிள்ளை?"

மாமியார் எழுந்து வந்தாங்க. "எனக்குக் கண்ணுதான் மங்கல். காது நல்லாவே கேக்குது."

பெரியவருக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

மாமியார் போட்டோவை எடுத்தாங்க. நேரா போய், கண்ணாடிக்கு எதிர்ல அதைக் காட்டினாங்க. கண்ணாடிக்குள்ள தெரிஞ்ச விமானத்துல கதவு இடது பக்கம் இருந்துச்சு. மாப்பிள்ளை அதையே பாத்தாரு.

"கோணலாத்தான் இருக்கேன்"னு மாமியார் தன் மூஞ்சியைப் பாத்துச் சிரிச்சாங்க. அப்புறம் போட்டோவை மாப்பிள்ளை கையில குடுத்தாங்க.

"இப்பக் கண்ணாடியில தெரியுதே, அதே மாதிரி ஒரு பிரிண்ட் போட்டு பேத்தி ரூம்ல மாட்டுங்க. இத்தனை வருஷம் என் மூஞ்சி நேரா இருந்தது போதும். இனிமே இவரு பேரு நேரா இருக்கட்டும்."