பள்ளிக்கூட ஐரிஷ்

ஃபினூலா பசுமாட்டுப் படத்தை நீட்டியதும், மூன்று வயது கோல்மன் அதைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்து ஏதோ சொன்னான்.

“பசுவாம்,” என்றாள் அவனருகே உட்கார்ந்திருந்த ஹலினா.

அடுத்தது படகு. பையன் முன்பு சொன்னதையே திரும்பச் சொன்னான்.

“படகாம்.”

ஃபினூலாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பசுவுக்கும் படகுக்கும் ஒரே சொல்லா?

பேச்சு வராத, பேச்சு திருந்தாத பிள்ளைகளைப் பரிசோதிப்பது அவள் வேலை. டப்ளினின் வடகோடியில், ஓர் அரசு மருத்துவமனையின் பின்கட்டில் அவளுடைய அறை. ஐரிஷ் பேசி வளரும் பிள்ளையை ஐரிஷிலேயே பரிசோதிக்க வேண்டும் என்பது உத்தரவு. அதற்கென்று ஒரு பணியிடமும் இருந்தது. ஆள்தான் இல்லை. ஆள் வரும்வரை பெற்றவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சமாளி என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள்.

உள்ளே வந்து ஹலினா வாயைத் திறந்ததுமே ஃபினூலா திகைத்துப்போயிருந்தாள். பேச்சில் போலந்து வாடை அப்பட்டமாக வீசியது.

“எனக்கு ஐரிஷ் பேச வராது. இவன் சொல்றதை நீங்கதான் இங்கிலீஷ்ல சொல்லணும். முடியாதுன்னா வேற தேதிதான். அது அடுத்த வருஷம்கூட ஆயிடும்,” என்றாள் ஃபினூலா.

ஹலினா பையனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, “முடியும்,” என்றாள்.

எங்கிருந்தோ பிழைக்க வந்தவள், இங்கே ஒருவனைக் கட்டிக்கொண்டு, அவன் மொழியைப் படித்து, பிள்ளையையும் அதிலேயே வளர்க்கிறாள். இங்கேயே பிறந்த தனக்கு ஒரு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லக் கூச்சம். ஃபினூலாவுக்கு வெட்கமாக இருந்தது.

நாய். தொப்பி. குடை.

எதைக் காட்டினாலும் பையன் அதே மூன்று சத்தங்களைத்தான் சொன்னான். ஒவ்வொரு முறையும் குரல் கொஞ்சம் உயர்ந்தது. ஹலினா மட்டும் படத்தில் வைத்த கண்ணை எடுக்காமல் நாயாம், தொப்பியாம், குடையாம் என்று சொல்லிக்கொண்டே போனாள்.

சொல்வளம் இல்லை என்று எழுதிவிடலாமா? எல்லாவற்றுக்கும் ஒரே சொல் வைத்திருக்கும் பிள்ளைகளை அவள் பார்த்திருக்கிறாள். ஆனால் அவர்கள் யாரும் இப்படிக் கண்ணுக்குள் பார்த்துப் பதிலுக்குக் காத்திருந்ததில்லை.

பதிலுக்கா?

அவள் படங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவன் பக்கம் குனிந்தாள்.

“கா வில் ஷீ?” என்றான் கோல்மன்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது தெரிந்த சொல்தான்; படத்தின் பெயரை எதிர்பார்த்த காதில் இதுவரை ஏறவில்லை. ஐரிஷ் வராது என்று சத்தியம் செய்பவர்களுக்குக்கூட அந்த அளவு வரும்.

அவள் எங்கே?

“யாரைத் தேடறான் இவன்? வந்ததுலேர்ந்து ‘அவ எங்க, அவ எங்க’ன்னுதான் கேட்டுட்டிருக்கான். அம்மா நீங்க பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க…”

ஹலினாவின் முகம் வெளுத்தது.

“அதையா கேக்கறான்?” என்றாள். “நேத்துலேர்ந்து இதையேதான் சொல்றான். தண்ணி கேக்கறானோன்னு தண்ணி குடுத்தேன். ரொட்டி குடுத்தேன். கழிப்பறைக்குக் கூட்டிட்டுப் போனேன்.”

“அப்ப நீங்க இவன் அம்மா இல்லையா?” என்றாள் ஃபினூலா.

“நான் இவங்களுக்குக் கீழ்வீடு. இவன் அம்மா நோரீன் நேத்து காலையில சைக்கிள்ல போறப்ப பஸ் மோதிடுச்சு. இன்னும் கண்ணே தொறக்கல. வீட்ல அவங்க ரெண்டு பேர்தான். இவன் பாட்டியும் மாமாவும் மேற்குக் கடற்கரையிலேர்ந்து சாயங்காலம்தான் வந்து சேருவாங்க. இந்தத் தேதிக்காக நோரீன் எவ்வளவு அலைஞ்சாங்கன்னு எனக்குத் தெரியும். விட மனசு வரல.”

குரலைத் தாழ்த்திக்கொண்டாள். தாழ்த்த வேண்டிய அவசியமே இல்லை. பையனுக்கு இங்கிலீஷ் புரியாது.

“இங்க வந்தா இவன் பாஷை தெரிஞ்சவங்க இருப்பாங்கன்னு நோரீன் சொல்லியிருந்தாங்க. அவங்களே இவன்கிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லிடுவாங்கன்னு நெனச்சுதான் வந்தேன்.”

கோல்மன் ஃபினூலாவின் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தான்.

“கா வில் ஷீ?”

இந்த முறை அவன் குரலை உயர்த்தவில்லை. தான் கேட்பது புரிகிற ஒருத்தி அகப்பட்டுவிட்டாள் என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று.

ஆஸ்பத்திரிக்கு என்ன சொல்? ஒருகாலத்தில் தெரிந்திருந்தது. தூங்குகிறாள் என்று சொல்லலாம். பாட்டியும் மாமாவும் வருகிறார்கள் என்று சொல்லலாம். எதுவும் நாக்குக்கு வரவில்லை. பள்ளி முடியும்வரை வருஷா வருஷம் படித்த மொழி, அவ்வளவு பேர் சேர்ந்து அவளுக்குள் இறக்கிய மொழி, எங்கேயோ பூட்டிக் கிடந்தது.

வந்தது வேறொன்று. முதல் வகுப்பு. டீச்சர் சுவரில் மாட்டிய வீட்டுப் படத்தில் அம்மாவைக் குச்சியால் தொட்டுக் கேட்பாள், அவள் எங்கே? வகுப்பு முழுக்கச் சேர்ந்து ராகம் போட்டுப் பதில் சொல்லும்.

யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது. சுத்தமான ஐரிஷில், அதே ராகத்தில், ஒரு பிழை இல்லாமல்.

“அவள் அடுக்களையில் இருக்கிறாள்.”

கோல்மனின் முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது. நாற்காலியிலிருந்து சறுக்கி இறங்கிக் கதவுக்கு ஓடினான். கைப்பிடி எட்டவில்லை.

திரும்பி, திறந்துவிடச் சொல்லி அவளைப் பார்த்தான்.