அடுத்த அறையில் அப்பா

வீட்டிலிருந்தே எழுதும் நுழைவுத் தேர்வு. மடிக்கணினியின் கேமரா மகளைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அப்பா இருமியதற்கு மணியடித்து ஓர் எச்சரிக்கை. அந்தச் சத்தத்துக்கு அவள் திரும்பியதற்கு இன்னொன்று. மூன்றாவது மணி அடித்தால் தேர்வு மூடிக்கொள்ளும். "நீ எழுதும்மா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி அப்பா அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதன் பிறகு இருமலே இல்லை. காலையிலிருந்து ஓயாத இருமல் எப்படிச் சட்டென்று நிற்கும்? மின்விசிறி மட்டும் கிறீச்சிடுகிறது. கட்டில் ஒருமுறை முனகுகிறது. டம்ளரோ எதுவோ கீழே விழுந்து உருண்டு, அடங்குகிறது. அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கேள்வி கண்ணில் படுகிறது, மண்டையில் ஏறவில்லை. "அப்பா" என்று கூப்பிட்டால் அதுவும் சத்தம்தான். திரையின் மூலையில் தெரியும் அவள் முகம் அவளுக்கே யாரோபோல வெளிறிக் கிடக்கிறது. இனி தாங்காது. நாற்காலி சாய எழுந்து ஓடிக் கதவைத் தள்ளுகிறாள். அப்பா தரையில் உட்கார்ந்திருக்கிறார், வாய் நிறையத் துண்டை அடைத்துக்கொண்டு, முகம் கறுத்து, கண்ணில் நீர் வழிய. அவளைக் கண்டதும் இரண்டு கைகளையும் வீசி வீசி விரட்டுகிறார், போ, போ என்று. அவள் முதுகுக்குப் பின்னால் மணி அடிக்கிறது. அதைக் கேட்ட பிறகுதான் அப்பா துண்டை எடுத்துவிட்டு இருமுகிறார்.